காலியாகக் கிடந்த நாற்காலிகள்

மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி. அதே மாவட்டத்தில் நாட்டார்மங்கலம். பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். இந்த நான்கு ஊராட்சிகளிலும் 1996 முதல் 2006 வரை தலைவர் நாற்காலியில் ஒருவரும் நிலைத்து உட்காரவில்லை. அந்தப் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. தேர்தல் அறிவிப்பு வரும். மனுத் தாக்கல் செய்ய ஆள் வராது. வந்தால், ஊர்ப் பெரியவர்கள் நிறுத்திய ஒருவர் வருவார், ஜெயிப்பார், பதவியேற்ற கையோடு ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். மறுபடி அறிவிப்பு, மறுபடி அதே கதை.

அந்தப் பத்தாண்டிலும் அங்கே நடவு நடந்தது, அறுவடை நடந்தது, பேருந்து வந்து போனது. வழிப்போக்கர் கண்ணுக்கு அமைதியான ஊர்கள்தாம். அந்த அமைதியை என்னவென்று சொல்வது? இந்தச் சொற்பொழிவு எடுத்துக்கொண்ட கேள்வி அது.

அமைதி ஆய்வு என்ற துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் நார்வே நாட்டு அறிஞர் யோகான் கால்டுங். அடிதடி இல்லாத நிலையை அவர் எதிர்மறை அமைதி என்றார். அடிதடிக்குக் காரணமான அநீதியும் நீங்கிய நிலையை நேர்மறை அமைதி என்றார். ஐக்கிய நாடுகள் சபை 2015இல் வகுத்த 17 வளர்ச்சி இலக்குகளில் 16ஆவது, அமைதியையும் எல்லோரையும் உள்ளடக்கிய சமூகத்தையும் ஒரே வரியில் சேர்த்துச் சொல்கிறது. தென் தமிழக ஊர்களுக்கு இந்தப் பாடம் ஐ.நா. வழியாக வரவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டவை அவை.

'வழக்கப்படி' என்ற சொல்

ஊரில் மோதல் என்றால் நிர்வாகம் என்ன செய்யும் என்பது மாவட்டங்களில் வேலை பார்த்தவர்களுக்கு மனப்பாடம். முதலில் போலீஸ் பந்தோபஸ்து. நிலைமை மோசமானால் தடை உத்தரவு. பிறகு தாசில்தார் அலுவலகத்திலோ ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ சமாதானக் கூட்டம்.

நீள மேசையின் நடுவில் ஆர்.டி.ஓ., ஒரு பக்கம் டி.எஸ்.பி., மறு பக்கம் தாசில்தார். எதிரே இரண்டு வரிசை நாற்காலிகள். ஊர்த் தரப்பில் அம்பலமும் முன்னாள் தலைவரும் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். காலனித் தரப்பில் வந்த பெரியவர் சுவரோரம் நிற்பார். "உட்காருங்க" என்று அதிகாரி இரண்டு தடவை சொன்ன பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்வார். கூட்டம் முடிகிற வரைக்கும் முதுகு சாய மாட்டார். சண்டை தொடங்கிய இடம் குழாயடியாக இருந்தாலும் அந்த அறையில் பெண்களைப் பார்ப்பது அரிது. ஒரு மணி நேரம் பேச்சு. கடைசியில் வருவாய் ஆய்வாளர் எழுதிய தீர்மானம் வாசிக்கப்படும், இரு தரப்பும் கையெழுத்துப் போடும்.

அந்தத் தீர்மானங்களில் அடிக்கடி தலைகாட்டும் சொல் ஒன்று உண்டு: வழக்கப்படி. திருவிழா வழக்கப்படி நடைபெறும். தேர் வழக்கப்படி ஓடும். சாமி ஊர்வலம் வழக்கமான பாதையில் செல்லும். எழுதுகிறவருக்கு அது ஆபத்தில்லாத சொல். யாரும் ஜெயித்ததாகவும் தோற்றதாகவும் காட்டாத சொல். ஆனால் சண்டையே அந்த வழக்கத்தை எதிர்த்து வந்ததுதானே? ஒரு தெருவுக்குள் தேர் வராததும், ஒரு பிரிவினர் வடம் தொடக் கூடாததும், ஒரு கடையில் இரண்டு வகைக் குவளை இருப்பதும்தான் வழக்கம். கேட்ட கேள்வியையே பதிலாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், அடுத்த பங்குனியில் அதே மேசையைச் சுற்றி அதே ஆட்கள் உட்கார வேண்டியிருக்கும்.

இதன் மிகக் கொடிய சாட்சி முதுகுளத்தூர். 1957 செப்டம்பர் 10 அன்று, இடைத்தேர்தலையொட்டிக் கிளம்பிய மோதல்களைத் தணிக்க ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் சமாதானக் கூட்டம் கூட்டினார். தாழ்த்தப்பட்ட மக்களின் சார்பில் அதில் கலந்துகொண்டவர்களில் ஒருவர், ராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய இம்மானுவேல் சேகரன். மறுநாள் இரவு அவர் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 32. செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் போலீஸ் சுட்டதில் மறவர் சமூகத்தைச் சேர்ந்த 5 பேர் இறந்தார்கள். பிறகு ஊர் ஊராகத் தீ பரவியது. கூட்டத்தில் மேசை இருந்தது, நாற்காலி இருந்தது, ஆட்சியரே இருந்தார். எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் சமமானவர்கள் என்பதை மட்டும் அந்த மேசைக்கு வெளியே ஊர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

கழித்தலும் கூட்டலும்

1995 முதல் 1997 வரை தென் மாவட்டங்கள் தொடர்ந்து கொதித்தன. 1997இல் விருதுநகர் பகுதிக்கென ஒரு புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. கட்டபொம்மனின் படையில் நின்று உயிர் கொடுத்த வீரர் அவர். தேவேந்திரர் சமூகத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஒரு சாரார் கிளம்பினார்கள். கலவரம் மூண்டது. அதே ஆண்டு ஜூலையில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின், எல்லா மாவட்டங்களின் தலைவர் பெயர்களையும் எடுத்துவிட்டது. கட்டபொம்மன், சிதம்பரனார், காமராசர், முத்துராமலிங்கத் தேவர் ஆகியோர் பெயர் தாங்கிய மாவட்டங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், சிவகங்கை ஆயின.

அன்றைய தீயை அணைக்க அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் நடந்தது என்ன என்று பார்க்க வேண்டும். ஒருவர் பெயரைக் கூட்டிச் சேர்க்க முடியாததால் எல்லோர் பெயரையும் கழித்தோம். இது கழித்தல் கணக்கில் வாங்கிய அமைதி.

கூட்டல் கணக்கு போட்டுப் பார்த்த முயற்சியும் அந்தக் காலத்தில்தான் வந்தது. 1998 ஆகஸ்ட் 17 அன்று மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. ஒரு சமத்துவபுரத்தில் 100 வீடுகள். பட்டியல் சாதியினருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. வீடுகள் தெருத்தெருவாகப் பிரியாமல் கலந்தே ஒதுக்கப்பட்டன; எல்லோருக்கும் பொதுவாக ஒரே சுடுகாடு. பின்னர் மாநிலம் முழுக்க 200க்கு மேற்பட்ட இடங்களில் இவை எழுந்தன. அடுத்தடுத்த வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு ஒருவர் வீட்டுத் துக்கமும் கல்யாணமும் மற்றவர் வீட்டுச் சங்கதியாகிவிடுகின்றன. ஆனால் சமத்துவபுரம் புதிய மண்ணில் கட்டப்பட்டது. ஊர் என்றும் சேரி என்றும் இரண்டாகக் கிடக்கும் பழைய ஊரை அது தொடவில்லை. வேலையில் கடினமான பாதி அங்கேதான் மிச்சம் இருந்தது.

ஒரு சுவரின் வரலாறு

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 மோதல்களுக்குப் பிறகு ஒரு நீண்ட சுவர் எழுந்தது. இரு தரப்பும் பேசிச் செய்த உடன்பாட்டின்படியே கட்டினோம் என்றார்கள் அதை ஆதரித்தவர்கள். தலித் மக்களுக்கோ அது பொதுப் பாதையை மறித்த சுவர். சுற்றிக்கொண்டு போய்த்தான் ஊரின் முக்கியச் சாலையை அடைய வேண்டும். 2008இல் சுவரின் மேலே மின்கம்பி இருந்த செய்தி வெளியே வந்த பிறகுதான் நாடு அந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது. மார்க்சிஸ்ட் கட்சியும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் போராடின. 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் போலீஸ் காவலோடு வந்து சுவரில் சுமார் 15 அடி அகலத்துக்கு இடித்து வழி திறந்தது.

சுவர் ஒரு காலைப் பொழுதில் இடிந்தது. சமாதானம் வர மூன்றரை ஆண்டுகள் ஆயின.

இடித்ததை எதிர்த்து மறு தரப்பினர் குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டு வெளியேறி மலையடிவாரத்தில் போய்த் தங்கினார்கள். ரேஷன் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் மறுபடி கல்வீச்சு, வீடுகள் சேதம், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தலித் ஒருவர் சாவு. இரு பக்கமும் வழக்குகள் குவிந்தன. பண்டிகை நாளில்கூட நீதிமன்ற வாய்தாவுக்கு ஓடும் வாழ்க்கை இரு தெருவுக்கும் பொதுவானது.

2011 அக்டோபரில் நிலைமை திரும்பியது. போலீஸ் கண்காணிப்பாளர் முன்னிலையில் இரு தரப்பும் உட்கார்ந்து எழுத்துப்பூர்வமாக ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். முத்தாலம்மன் கோயிலில் தலித் மக்கள் வழிபடுவது, பாதை, பயணியர் நிழற்குடை, வழக்குகளை முடித்துக்கொள்வது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பேசினார்கள். நவம்பர் 10 அன்று தலித் குடும்பங்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் போய்க் கும்பிட்டன. மறு தரப்புப் பெரியவர்கள் அவர்களை வரவேற்றார்கள். பின்னர் வந்த திருவிழாக்களிலும் சச்சரவு முற்றாக ஓயவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அந்த உடன்பாட்டில் வழக்கப்படி என்ற சொல்லுக்குப் பின்னால் யாரும் ஒளிந்துகொள்ளவில்லை. வழக்கத்தில் எது மாறப்போகிறது என்று பேரைச் சொல்லிப் பேசினார்கள். உத்தப்புரத்திலிருந்து மற்ற ஊர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

பதவி கொடுத்ததால்தான் சண்டையா?

ஒதுக்கீடு என்று ஒன்றைக் கொண்டுவந்துதான் ஊரின் ஒற்றுமையைக் கெடுத்தார்கள், அதற்கு முன்னால் எல்லோரும் அண்ணன் தம்பியாகப் பழகினோம் என்ற வாதம் இன்றும் கேட்கிறது. அதைச் சொல்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. பலர் மனதார நம்பித்தான் சொல்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வது அவசியம்.

மேலூர் அருகே மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மனுப் போட்டவர்கள் மிரட்டப்பட்டார்கள், வாக்குச்சாவடி சூறையாடப்பட்டது, தேர்தல் தள்ளிப்போய், ஆண்டு முடிகிற நாளில் நடந்தது. முருகேசன் தலைவரானார். ஊராட்சி அலுவலகத்துக்குள் நிம்மதியாகப் போய் உட்கார அவரால் முடியவில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தவரை வழிமறித்து வெட்டினார்கள். கூட வந்த தோழர்களும் கொல்லப்பட்டார்கள். குற்றவாளிகள் 17 பேருக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவர் யாருடைய நிலத்தையும் கேட்கவில்லை, யாருடைய வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. சட்டம் கொடுத்த நாற்காலியில் உட்காரக் கேட்டார். அண்ணன் தம்பி உறவு அந்த ஒரு நாற்காலியைத் தாங்கவில்லை என்றால், அது அதுவரை எதன்மேல் நின்றுகொண்டிருந்தது என்பதை யோசிக்க வேண்டும்.

விலக்கப்பட்ட வலி ஒரு சாராருக்கு மட்டும் தெரிந்ததும் இல்லை. உசிலம்பட்டி வட்டாரத்தில் பெரும்பான்மையாக வாழும் பிரமலைக் கள்ளர் சமூகத்தை ஆங்கில அரசு குற்றப் பரம்பரையாக முத்திரை குத்தியது. ஊர் மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே சொல்வார்கள். ஆண்கள் ரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உட்படப் பலர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் நீங்கியது. பிறப்பை வைத்து ஒருவரைத் தள்ளிவைத்தால் எப்படி வலிக்கும் என்று பாட்டன் வழியாகத் தெரிந்தவர்களின் ஊர்கள்தாம் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும். அந்த நினைவு ஒரு சுவராகவும் நிற்கலாம், ஒரு கதவாகவும் திறக்கலாம்.

2006இல் அது திறந்தது. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த த. உதயச்சந்திரன் அந்த ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போனார். பெரியவர்களிடமும் இளைஞர்களிடமும் தனித்தனியாகப் பேசினார். ஊராட்சிக்குத் தலைவர் இல்லாததால் ஊரே இழந்தது என்ன என்று கணக்குச் சொன்னார். அதற்கு முன்பே பல ஆண்டுகள் விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் அந்தக் கேள்வியை அணையவிடாமல் வைத்திருந்தார்கள். அக்டோபரில் நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது. வென்றவர்கள் பதவியில் நிலைத்தார்கள். முதல்வர் மு. கருணாநிதி நவம்பரில் சென்னையில் சமத்துவப் பெருவிழா நடத்தி அந்த நான்கு தலைவர்களையும் மேடையேற்றினார். 15 ஆண்டுகள் கழித்து, 2021 அக்டோபர் 2 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் பாப்பாபட்டிக் கிராம சபைக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தார். நாற்காலி நிரம்பியதால் அந்த ஊர்கள் தீப்பிடித்துவிடவில்லை.

தரையும் பெஞ்சும்

நாற்காலி கிடைத்தாலும் அதில் உட்கார முடிகிறதா என்பது அடுத்த கேள்வி. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியில் எடுத்த புகைப்படம் ஒன்று தமிழ்நாட்டைத் தலைகுனிய வைத்தது. கூட்டத்துக்கு வந்த மற்றவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். தலைவரான தலித் பெண் தரையில் உட்கார்ந்திருக்கிறார். அதே ஆண்டு சுதந்திர தினத்தில், திருவள்ளூர் மாவட்டத்தில் இன்னொரு பெண் தலைவருக்குக் கொடியேற்றும் உரிமை மறுக்கப்பட்டது; செய்தி வெளியான பிறகு, சில நாட்கள் கழித்து அதிகாரிகள் முன்னிலையில் ஏற்றினார். 2022 சுதந்திர தினத்துக்கு முன், பட்டியல் சாதித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யும்படி தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுத வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க ஒரு தலித் பெண் வந்தார். அவர் சமைக்கக் கூடாது என்று ஒரு கூட்டம் பள்ளியை முற்றுகையிட்டது. உடனே வந்த உத்தரவு என்ன தெரியுமா? அந்தப் பெண்ணுக்கு இடமாற்றம். பிரச்சினை வேண்டாம் என்று பாதிக்கப்பட்டவரையே அப்புறப்படுத்தும் பழக்கம் அலுவலகங்களின் ரத்தத்தில் ஊறியது. எதிர்ப்பு எழுந்ததும் உத்தரவு ரத்தானது. எதிர்த்தவர்கள் மேல் வழக்குப் பதிவானது. முதல் உத்தரவு அன்று மாலைக்குள் ஊரை அமைதியாக்கியிருக்கும். இரண்டாவது உத்தரவால்தான் அந்தப் பள்ளியின் பிள்ளைகள் ஒரே கையால் வடித்த சோற்றைச் சேர்ந்து சாப்பிட வழி பிறந்தது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களும் மாணவர்கள். அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது; 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பது, பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதிப் பெயர்களை நீக்குவது, பள்ளி நல அலுவலர்களை நியமிப்பது என்று பல பரிந்துரைகள். அவற்றில் சிறியதாகத் தெரியும் ஒன்று, வகுப்பில் மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைப்பது. காசு செலவில்லை, கட்டடம் வேண்டாம். பெயரின் முதல் எழுத்து ஒன்றாக இருப்பதாலேயே பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்த இருவர் ஓர் ஆண்டு முழுக்கப் பேனாவும் ஜியாமெட்ரி பாக்ஸும் மாற்றிக்கொள்வார்கள். தெருவில் இருக்கும் கோட்டை அந்தப் பெஞ்சில் வரைவது அத்தனை சுலபமாக இருக்காது.

செய்ய வேண்டியவை

சமாதானக் கூட்டங்கள் தேவை. ரத்தம் சிந்துவதைத் தடுக்கும் எந்தக் கூட்டமும் தேவைதான். அங்கே எழுதப்படும் தீர்மானம்தான் மாற வேண்டும். எந்தப் பாதை, எந்தக் குழாய், எந்தக் கோயில், எந்த நாள் முதல் எல்லோருக்கும் பொது என்று தேதியோடு எழுத வேண்டும். தண்ணீருக்கும் ரேஷனுக்கும் நடக்கிற பெண்கள், இரு தெருவிலிருந்தும், அந்த மேசையில் இருக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகள், மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், முதல்வர் தலைமையிலான மாநிலக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும் என்கின்றன. கலவரம் நடந்த பிறகு ஓடும் கால்கள், கலவரம் இல்லாத அந்த நாட்களில் கூடி உட்கார்ந்தால் பல ஊர்களில் சமாதானக் கூட்டத்துக்கே வேலை இருக்காது.

2019இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊராட்சித் தலைவர்களுக்கு 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்தது. அவர்களுடைய இடத்தில் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் பத்தாண்டு அனுபவித்ததும் இப்படித் தலைவர் இல்லாத நிர்வாகத்தைத்தான். தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும், தெற்குத் திட்டைப் புகைப்படத்துக்குப் பிறகு மெல்ல நிமிர்ந்து உட்காரப் பழகிய தலைவர்கள் அந்த இடத்தைவிட்டு இன்னும் கொஞ்சம் விலகிப் போகிறார்கள். தேர்தல் நடந்து, புதிய தலைவர்கள் பதவியேற்று, முதல் கூட்டம் கூடும் நாளில் ஒவ்வொரு ஊரிலும் இரு தெருவிலிருந்தும் இரண்டிரண்டு பேர் ஊராட்சி அலுவலகத்துக்குப் போக வேண்டும். அறையில் எத்தனை நாற்காலி போட்டிருக்கிறார்கள், எதில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு வர வேண்டும். ஒரு நாற்காலி குறைந்தால் அன்றைக்கே கேட்க வேண்டும்.